இரவு 1.12-க்கு நான் அனுப்பிய ‘ஓகே சார்’: சொந்தத் தொழில் செய்பவர்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?

பவர்டேபிள்_திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், 22 மெஷின். துணி கம்பெனியுடையது, கட்டிங் முதல் பேக்கிங் வரை நாங்கள் செய்து கொடுக்கிறோம். வயது 41. தொழில் ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு டீ-ஷர்ட் ஆர்டர், 1,800 பீஸ். எஸ், எம், எல், எக்ஸெல் நான்கும் 1:2:2:1 ரேஷியோ. காலை எட்டரைக்குக் கட்டிங் மாஸ்டர் லே போட்டு (துணியை அடுக்கடுக்காக விரித்து) வெட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்று நாள் கழித்து, பாதிக்கு மேல் தைத்து முடித்த பிறகு, ஆர்டரைக் கவனிக்கும் கம்பெனி மெர்ச்சண்டைசர் வந்து பண்டலைப் பார்த்துவிட்டு “எக்ஸெல் ஏன் இவ்வளவு குறைவு? ரேஷியோ மாற்றிச் சொன்னேனே” என்றார். சொல்லவே இல்லை என்று நான் சாதித்தேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே பேசிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக் காட்டினார். கட்டிங்குக்கு முந்தைய இரவு 1.10-க்கு 1:1:2:2 ஆக மாற்றச் சொல்லி அவருடைய மெசேஜ். 1.12-க்கு என் பதில், “ஓகே சார்”. என் போனிலும் இருக்கிறது. நான்தான் டைப் செய்திருக்கிறேன், ஆனால் எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்லை. அன்றைக்குப் போனை நெஞ்சில் வைத்தபடியே தூங்கிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

300 எம் கூடுதல், 300 எக்ஸெல் குறைவு. புதுத் துணி, மறுபடி கட்டிங், மறுபடி தையல். எங்களுக்குத் தர வேண்டியதில் 33,000 ரூபாய் பிடித்து டெபிட் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பணத்தைக்கூட இரண்டு ஆர்டரில் எடுத்துவிடலாம், ஆனால் நான் செய்ததே எனக்குத் தெரியவில்லையே என்கிற பயம்தான் இன்னும் போகவில்லை.

என் நாள் இப்படி. காலை 5.30-க்கு எழுந்திருப்பேன், 8.15-க்கு யூனிட் திறக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவு 8 மணி, ஷிப்மென்ட் நெருங்கினால் 10, 11. ஆட்கள் போன பிறகு மறுநாளைக்கு நூல், லேபிள், பாலிபேக் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பூட்டிவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் 11.30. அப்புறம் கணக்கு நோட்டு. அப்புறம் போன். படுக்கும்போது ஒரு மணி, ஒன்றரை. படுத்தாலும் எந்த கம்பெனி பில் பெண்டிங், சனிக்கிழமை சம்பளத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம். ஞாயிறு மட்டும் 11 மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். பகலில் ஆறேழு டீ ஆகிவிடுகிறது. மதியம் மூன்று மணிக்குச் செக்கிங் டேபிளில் பீஸைப் பார்த்துக்கொண்டே கண் சொருகுகிறது. வீட்டில் குறட்டை பயங்கரமாக இருக்கிறது என்கிறார்கள், மகள் வேறு அறையில் படுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள், உண்மையா? ராத்திரி வரும் போனை எடுக்காமல் இருந்தால் ஆர்டர் போய்விடாதா? நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

கோவை_லேத்

தம்பி, நான் 58 வயது, லேத் பட்டறை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான். தூக்கம் பார்த்தால் தொழில் பார்க்க முடியாது. நான் பத்துப் பன்னிரண்டு வருடம் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை, அப்படித்தான் ஒரு மெஷின் மூன்று மெஷின் ஆனது, வீடு கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள், களைப்பாக இருந்தால் எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். ரேஷியோ மாறியதற்கு மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், எல்லாத் தொழிலிலும் நஷ்டம் வரும்.

---

அம்பத்தூர்_காய்கறி

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கதையையே படித்த மாதிரி இருந்தது. அம்பத்தூரில் காய்கறிக் கடை. கோயம்பேட்டுக்கு இரவு இரண்டு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும், நாலு மணிக்கு மேல் போனால் நல்ல சரக்கு கைமாறிவிடும், மிச்சம்தான் கிடைக்கும். ஒட்டன்சத்திரம் லோடு, கோலார் தக்காளி, நாசிக் வெங்காயம் எல்லாம் ராத்திரியில்தான் இறங்குகிறது. அதனால் “இரவு பத்து மணிக்குப் படுங்கள், காலை ஆறுக்கு எழுந்திருங்கள்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். எங்கள் தொழில் அப்படி இல்லை.

நான் முதல் ஐந்து வருடம் கடையை இரவு பத்துக்கு மூடி, பதினொன்றுக்குப் படுத்து, ஒன்றரைக்கு எழுந்துகொண்டிருந்தேன். மதியம் கடையிலேயே கல்லாவில் உட்கார்ந்து தலை தொங்கும். அதைத் தூக்கம் என்று கணக்கில் வைத்திருந்தேன். அப்போது எனக்கு என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு நாள் பத்துப் பெட்டி தக்காளி, மேல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கடைக்கு வந்து கவிழ்த்தால் கீழே எல்லாம் கசிந்து கிடக்கிறது. பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுத்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் முதல் பாடம், எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் எப்படியாவது வாங்கி ஏற்றிவிட்டால் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் லோடு ஏற்றிய குட்டி யானையை ஓட்டிக்கொண்டு வருகிறேன், திருமங்கலம் தாண்டியது தெரியும், அடுத்து எனக்குத் தெரிந்தது பாடி மேம்பாலத்தில் இடது பக்கச் சுவரை வண்டி உரசுகிற சத்தம். இடையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கண்ணாடியும் பக்கத்துத் தகடும் போனதோடு தப்பினேன். பின்னால் ஒரு பைக்காரர் வந்துகொண்டிருந்தார். அவர் இறங்கி வந்து என்னைத் திட்டக்கூட இல்லை, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து “முகம் கழுவுங்க” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு தூக்கத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொண்டேன். இரவு எட்டு மணிக்குக் கடையை மூடிவிடுவேன், எட்டரைக்குப் படுக்கை, ஒன்றரைக்கு அலாரம். மதியம் 12.30-க்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி, ஜன்னலில் கறுப்புத் துணி போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுத்தால் இரண்டரை வரை. ஆக மொத்தம் ஏழு மணி நேரம். கல்லாவில் தூங்குவது தூக்கமே இல்லை அண்ணா, படுக்கையில் படுக்க வேண்டும்.

கடை மூடினால் வியாபாரம் போய்விடும் என்று நானும் பயந்தேன். ஒரு மாதம் நேரம் போட்டுப் பில்லைப் பார்த்தேன், மதியம் ஒன்று முதல் மூன்று வரை நாலைந்து பேர்தான், கொத்தமல்லி கறிவேப்பிலை ஆட்கள். இரவு எட்டுக்கு மேல் வந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது ஏழரைக்கே வந்துவிடுகிறார்கள். நீங்களும் ராத்திரி பத்துக்கு மேல் வரும் போன்களை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், அதில் எத்தனை உண்மையிலேயே அப்போதே முடிக்க வேண்டியவை என்று.

---

கிளினிக்_மதுரை

நான் பொது மருத்துவர், சொந்தமாகச் சிறிய கிளினிக் நடத்துகிறேன், அதனால் இதை மருத்துவராக மட்டும் எழுதவில்லை. பவர்டேபிள், நீங்கள் எழுதியதில் மூன்று வேறு வேறு பிரச்சினைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

முதலில், பழகிவிட்டால் நாலு மணி நேரம் போதுமா? போதாது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்காவின் தூக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2015-இல் சொன்னதுதான் இன்றும் நாங்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. 2003-இல் வந்த ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள், நாலு அல்ல, ஆறு. முடிவில் அவர்களுடைய கவனம், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் கேட்டால் லேசான களைப்புதான் என்றார்கள். பழகிப்போவது களைப்பு என்கிற உணர்வு மட்டும்தான், தப்பு செய்வது குறைவதே இல்லை. லேத் ஐயா பழகிவிட்டது என்று சொல்வதும் பொய்யல்ல, அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வண்டி ஓட்டுபவர்களுக்காக இன்னொன்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவில் இருக்கும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எல்லையே 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 5.30-க்கு எழுந்து இரவு 11 மணிக்கு யூனிட்டைப் பூட்டிவிட்டு பைக் எடுக்கிறீர்களே, அது பதினேழரை மணி நேரம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த நிலையில் ஓட்டுகிறீர்கள்.

அந்த “ஓகே சார்” பற்றிப் பயப்படாதீர்கள், மறதி நோய் எல்லாம் இல்லை. தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து ஓரிரு நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டால் அந்த இடைவெளி நினைவில் பதியாமல் போவது சகஜம். விரல் பழக்கத்தில் டைப் செய்திருக்கிறது. எனக்கும் இரவில் நோயாளிகளின் போன் வரும், மருந்து அளவு கேட்பார்கள். எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். பாதித் தூக்கத்தில் நான் சொல்லும் தப்பான அளவு ஒரு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது, படுத்தும் தூக்கம் வராதது. இதில் டீக்குப் பங்கு உண்டு. உடம்புக்குள் போன காஃபீனில் பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், இரவு ஏழு மணி டீயில் பாதி பன்னிரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். மதியம் இரண்டு மணியோடு டீயை நிறுத்திப் பாருங்கள். ஞாயிறு 11 வரை தூங்குவதும் உங்களுக்கு உதவுவதாகத் தெரியவில்லை. உடம்புக் கடிகாரம் என்பது பேச்சுக்குச் சொல்வது அல்ல, அதை ஓட்டும் மரபணுக்களைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஞாயிறு ஐந்தரை மணி நேரம் தள்ளி எழுந்தால் அன்று இரவு தூக்கம் எப்படி வரும்? திங்கட்கிழமை முழுக்க வேறு ஊரில் இறங்கியவர் மாதிரி இருப்பீர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், மிச்சத்தை மதியம் அரை மணி நேரம் படுத்துச் சரிசெய்யுங்கள்.

மனசு ஓடுவதற்கு: 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் என் நோயாளிகளுக்கும் இது உதவியிருக்கிறது. காகிதத்தில் எழுதுங்கள், போனில் வேண்டாம். படுத்து இருபது நிமிடம் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொருகினால் மட்டும் கட்டிலுக்குப் போங்கள். கட்டிலில் கணக்குப் பார்ப்பதே வேண்டாம். மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள், கொஞ்சம் குடித்துவிட்டுப் படுப்பதும் வேண்டாம். மது சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. குறட்டை, பகலில் கண் சொருகுவது, 41 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். குறட்டை சட்டென்று அடங்கி, சில விநாடி சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறுவது போல மூச்சு வந்தால் அது தொண்டைக் குழாய் அடைபடும் நோயாக இருக்கலாம். காலையில் தலைவலி, வாய் வறண்டு போவது, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, ரத்த அழுத்தம், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், இவையெல்லாம் அறிகுறிகள். அது இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்புப் போகாது. ஒரு இரவு தூக்க ஆய்வு செய்தால் தெரிந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

---

மாவு_அக்கா_சேலம்

தம்பி, டாக்டர் சொன்னதோடு நானும் ஒன்று சொல்கிறேன். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன், பன்னிரண்டு வருடம். மதியம் ஊறப்போட்டு, மாலை ஆறுக்கு ஆரம்பித்தால் கிரைண்டர் ஓயப் பத்தாகும். காலை நாலரைக்கு பாக்கெட் போட எழுந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் மாவு சொன்ன பேச்சைக் கேட்காது, மூன்று மணிக்கே பொங்கி வழியும். நடுவில் வீட்டு வேலை, மாமியாருக்கு மாத்திரை, பையனுக்கு டிபன். ஆண்கள் தூக்கம் போச்சு என்றால் தொழில் மட்டும்தான் காரணம், எங்களுக்கு அடுப்படியும் சேர்ந்து காரணம். தூங்க நேரமே இல்லை என்று சொல்கிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்றுதான்.

ஒரு நாள் இராத்திரி உப்புப் போட்டேனா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. கிரைண்டர் பக்கத்தில் நின்று உப்பு டப்பாவைப் பார்க்கிறேன், மூடி திறந்திருக்கிறது, கரண்டி வெளியே கிடக்கிறது. போட்டுவிட்டு மூட மறந்தேனா, போடத் திறந்துவிட்டு மறந்தேனா? நாக்கில் வைத்துப் பார்த்தால் புரியவில்லை, அந்த அளவுக்குக் களைப்பு. சரி என்று போட்டுவிட்டேன். 40 கிலோ மாவு, இரண்டு மடங்கு உப்பு. காலையில் எட்டுக் கடையிலிருந்தும் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் அதோடு நிறுத்தியேவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். உப்பை மதியமே, தெளிவாக இருக்கும்போதே, ஒவ்வொரு ஈட்டுக்கும் நிறுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். கிண்ணம் காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். களைப்பில் யோசிக்க வேண்டிய வேலையே வராத மாதிரி முன்னாலேயே செய்து வைப்பது, அவ்வளவுதான். இன்னொன்று, காலை பாக்கெட் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தேன். மாதம் ஆறாயிரம் ரூபாய். கொடுக்க ஆரம்பத்தில் மனசே வரவில்லை, நம் கையால் செய்தால் மிச்சம்தானே என்றிருந்தது. ஆனால் அந்த எட்டுக் கடை மாவு வீணான கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வைத்துவிட்டேன். இப்போது பத்தரைக்குப் படுத்தால் ஆறுக்கு எழுந்திருக்கிறேன். பாட்டி தலையில் எண்ணெய் வைத்துவிட்டால் தூக்கம் வரும் என்பார்களே, நல்லெண்ணெய் வைத்து ஞாயிறு ஒரு குளியல் போடுகிறேன், அன்றைக்கு மதியம் வருகிற தூக்கத்துக்கு ஈடே இல்லை.

உங்கள் மெர்ச்சண்டைசரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் தம்பி. அவரும் 1.10-க்கு விழித்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார், பாவம்.

---

கணக்கு_ஈரோடு

வரி, கணக்கு வேலை செய்கிறேன், திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்கள் பல எனக்குக் கிளையன்ட். உங்களுக்குத் தூக்கம் கெடுவது வெள்ளிக்கிழமை இரவுதான் அதிகம் என்று நினைக்கிறேன், சரியா? சனிக்கிழமை சம்பளம். எல்லோரும் வெள்ளி ராத்திரி உட்கார்ந்து பீஸ் ரேட் கூட்டிப் பார்த்துப் பணம் குறைகிறது என்று தெரிந்து விடிய விடிய முழிக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்க முடியும்? அந்தக் கணக்கை வியாழன் மாலை ஐந்து மணிக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை முழுப் பகலும் கையில் இருக்கும், கம்பெனி அக்கவுண்ட்ஸில் யாரையாவது பிடித்து ஒரு பில்லை நகர்த்தலாம்.

அப்புறம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் போட்டுவிடுங்கள், செலவில்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆர்டர் கொடுக்கிற இடத்தின் மேலேயே புகார் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பில்லின் கீழே உத்யம் நம்பரையும் கெடு தேதியையும் அச்சடித்து அனுப்பினாலே சில இடங்களில் பணம் சீக்கிரம் வருகிறது, நானே பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கு மருந்து கேட்டவரிடம் சட்டம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். படுக்கையில் உங்கள் மனசில் ஓடுவது அந்தப் பெண்டிங் பில்தானே.

---

கோவை_லேத்

டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடம் எல்லாம் பட்டறையில் அடிபட்டது என்று சொல்லுவேன். எப்படி அடிபட்டது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரி மூன்று மணி, மறுநாள் காலை டெலிவரி. சக்கில் (பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) ஜாபை இறுக்கிவிட்டு, இறுக்கப் பயன்படும் சக் சாவியைக் கழற்றாமல் மெஷினை ஓடவிட்டேன். சாவி பறந்து வந்து அடித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். சாவியைக் கையில் எடுக்காமல் ஸ்விட்சைத் தொடாதே என்று பையன்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். தொழில் தெரியாமல் நடக்கவில்லை, மூன்று நாளாகத் தூங்கவில்லை.

தம்பி, முதலில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டு நடக்க வேண்டாம். டாக்டர் சொன்ன பரிசோதனைக்குப் போங்கள். எனக்கும் இப்போது பிரஷருக்கு மாத்திரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

---

பவர்டேபிள்_திருப்பூர்

ஆறு வாரம் ஆகிவிட்டது, பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஒவ்வொருவர் எழுதியதையும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூச்சு நிற்கிறதா என்று டாக்டர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டதும் என் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “பல நாள் ராத்திரி உங்களைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் நான் தூங்குவேன், சொன்னால் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை” என்றார்.

கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுத்தேன். தலை, மார்பு, விரல் எல்லாம் ஒயர், மூக்கில் குழாய், இதில் எப்படித் தூங்குவது என்று நினைத்தேன், ஆனாலும் தூங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 26 தடவை மூச்சு தடைபடுகிறதாம், நடுத்தர அளவு என்றார்கள். மாஸ்க் வைத்து காற்று கொடுக்கும் மெஷின் வாங்கியிருக்கிறேன், எடை குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாலு நாள் ராத்திரி பாதியில் பிடுங்கிப் போட்டுவிட்டேன், மூக்கு காய்ந்துபோனது. தண்ணீர் வைக்கும் பகுதியை மாட்டிய பிறகு பரவாயில்லை. பதினைந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்குச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன், கண் சொருகவில்லை. டீக்கடைப் பையன் வந்து நின்றான், வேண்டாம் என்று அனுப்பினேன். இத்தனை வருடத்தில் அவனுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

மாவு அக்கா சொன்ன உப்புக் கிண்ணம் மாதிரி நானும் ஒன்று செய்தேன். கட்டிங் டேபிளில் ஒரு அட்டை. ரேஷியோவை மாஸ்டர் அதில் எழுதி, காலை எட்டரைக்கு நான் கம்பெனிக்குப் போன் போட்டு வாயால் கேட்டு உறுதி செய்த பிறகு கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லாமல் கத்தி இறங்காது. கணக்கு சார் சொன்ன மாதிரி சம்பளக் கணக்கு வியாழனுக்கு மாறிவிட்டது. போன் பத்தரைக்கு ஹால் அலமாரிக்குப் போய்விடும். பதினொன்றரைக்குப் படுக்கிறேன், ஆறுக்கு எழுந்திருக்கிறேன். ஏழு மணி நேரம் இன்னும் வரவில்லை. போன வாரம் ஷிப்மென்ட், இரண்டு நாள் மறுபடி ஒரு மணி ஆகிவிட்டது, அந்த இரண்டு நாளும் பைக்கை யூனிட்டிலேயே விட்டுவிட்டு மச்சானை வரச் சொல்லிக் கூட்டிப்போகச் சொன்னேன்.

ராத்திரி போனை எடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று கேட்டிருந்தேன் அல்லவா, மெர்ச்சண்டைசரிடம் நேராகவே பேசினேன். அவர் தன் வீட்டிலும் இதே சண்டைதான் என்றார். நேற்று ராத்திரி 12.40-க்கு அவரிடமிருந்து லேபிள் மாற்றம் என்று மெசேஜ் வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன், ஒரு நிமிடம் பக்கென்றது. எட்டரைக்குக் கூப்பிட்டேன். புது லேபிள் இன்னும் பிரிண்டிங்கிலிருந்தே வரவில்லையாம், பதினொரு மணிக்கு மேல் அனுப்புகிறேன் என்றார்.